நிரலாக்க அறிமுகம்: தேர்ச்சி 98.33 சதவிகிதம்

தமிழ்நாட்டில் கணினிக் கல்வி எந்த நாளில் தொடங்கியது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. லஸ் முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரியைப் பொறுத்தவரை அந்தக் குழப்பமே கிடையாது. அங்கே அது சென்ற ஆண்டு ஜூன் மாதத்தின் மூன்றாம் புதன்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, ஆசிரியர் கூட்டத்துக்குச் சமோசா வந்து சேர்வதற்குச் சற்று முன்னால் தொடங்கியது. கல்லூரியின் பெயரைச் சொல்வதற்கில்லை. சொன்னால் விளம்பரம் செய்தது போலாகிவிடும். அதை அவர்களே நன்றாகச் செய்துகொள்கிறார்கள்.

"இனிமே நம்ம காலேஜ்ல எந்தப் பிள்ளையும் கோடிங் தெரியாம வெளிய போகக் கூடாது" என்றார் முதல்வர் டாக்டர் வெள்ளைத்துரை. அவர் பொருளாதாரம் படித்தவர். "முதல் வருஷத்துல அறுபது பேரை எடுத்து ஆரம்பிக்கிறோம். பேப்பரோட பேரு 'நிரலாக்க அறிமுகம்'. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத பிள்ளைங்களுக்கு. யார் எடுக்கறீங்க?"

கூட்டம் சமோசா வரும் வழியைப் பார்த்தது. கணினித் துறையில் இருந்த மூவரில் இருவர் தரமணிக்கு மென்பொருள் வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்றாமவர் மகப்பேறு விடுப்பில் இருந்தார்.

முதல்வரின் பார்வை வரிசையாக நகர்ந்து, தாவரவியல் துறைத் தலைவர் ஈவ்லினிடம் வந்து நின்றது. ஈவ்லின் துறைத் தலைவர் மட்டுமல்ல, துறையும் அவரேதான். அந்த ஆண்டு தாவரவியலில் சேர்ந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் இருவர் விண்ணப்பத்தில் கட்டம் மாறி டிக் அடித்தவர்கள்.

"ஈவ்லின் மேடம், உங்களுக்கு வாரத்துல ஆறு மணி நேரம் வேலை குறையுது. அப்படியே விட்டா உங்களை 'உபரி'ன்னு எழுத வேண்டியிருக்கும்."

"சார், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே."

"தெரியாதவங்களுக்கான பாடம்தானே மேடம் இது. உங்களுக்கு மரம் தெரியும் இல்லையா? கம்ப்யூட்டர்லயும் ட்ரீன்னு ஒண்ணு இருக்காம். அதுக்கும் வேர் இருக்காம், கிளை இருக்காம். மத்ததெல்லாம் தானா வந்துரும்."

சமோசா வந்துவிட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஈவ்லினின் பெருமையை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் அவர் ஒரு வகுப்பில்கூட "எனக்குத் தெரியாது" என்று சொன்னதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். அவற்றில் பல பதில்கள் சரியாகவும் இருந்தன.

தாவரவியல் ஆய்வகம் ஒரே வாரத்தில் கணினி ஆய்வகம் ஆயிற்று. உலர்ந்த இலைகள் பரணுக்கு ஏறின, நாற்பது கணினிகள் மேசைக்கு வந்தன. ஆய்வக உதவியாளர் முருகன் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா மேடம், செடின்னா தண்ணி ஊத்தினா போதும். இதுக்கு இன்னா ஊத்தறது?"

"எதுவும் ஊத்தாதீங்க முருகன்."

"சரி. கவரையாவது பிரிக்கலாமா?"

பிரிக்கக் கூடாது என்று முதல்வர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தர மதிப்பீட்டுக் குழு நவம்பரில் வரும்வரை கணினிகள் 'புத்தம் புதிய நிலையில்' பேணப்பட வேண்டும். அதுவரை செய்முறை வகுப்பை என்ன செய்வது என்று யோசித்த ஈவ்லின், தமக்குத் தெரிந்த வழியில் நடத்தினார். மாணவர்கள் ரெக்கார்ட் நோட்டின் இடப்பக்கத்தில் கணினியை எச்.பி. பென்சிலால் வரைந்து பாகங்களைக் குறித்தார்கள். குறுக்குவெட்டுத் தோற்றம் வேண்டுமா என்று ஒருவன் கேட்டான். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

பாடம், பைத்தான் என்ற கணினி மொழி. பாண்டி பஜாரில் வாங்கிய புத்தகத்தை ஈவ்லின் வகுப்புக்கு முந்தைய நாள் படிப்பார், மறுநாள் நடத்துவார். இப்படியாக இரண்டாம் வாரத்தில் அவர் கரும்பலகையில் ஒரு சிறிய நிரலை எழுதினார். ஒன்று, பத்து என்று இரண்டு எண்களைக் கொடுத்து, கணினியை எண்ணச் சொல்லும் நிரல்.

"இது ஒண்ணுல ஆரம்பிச்சுப் பத்து வரைக்கும் எண்ணும்" என்றார். "ஏன்னா கம்ப்யூட்டர் நாம சொன்னதை அப்படியே செய்யும்."

அஸ்வத் என்ற மாணவன் எழுந்தான். "மேம், ரெண்டாவது வரிக்கு முன்னாடி மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருக்கீங்களே, அது எதுக்கு?"

புத்தகத்தில் அப்படி இருந்தது, அதனால் விட்டிருந்தார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. "அழகுக்கு" என்றார். "நோட்ல மார்ஜின் விடற மாதிரி. விட்டாலும் சரி, விடலைன்னாலும் சரி."

முதல் வரிசையில் இருந்த ஷண்முகப்ரியா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மேற்கு மாம்பலத்திலிருந்து வரும் பெண். தமிழ் வழியில் பள்ளிப்படிப்பு. ஆசிரியர் தும்மினால்கூட நேரம் போட்டுக் குறித்துவைப்பாள் என்று வகுப்பில் பேச்சு.

வீட்டுப்பாடங்கள் வந்தன. ஐம்பத்தொன்பது பேரின் விடைகள் ஒரே மாதிரி இருந்தன. கைபேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதியவை என்பது ஈவ்லினுக்குத் தெரிந்தது. அவை சரியா தவறா என்பதுதான் தெரியவில்லை. ஆகவே கையெழுத்துக்கு மதிப்பெண் போட்டார். ஷண்முகப்ரியா மட்டும் வகுப்பில் சொன்னபடி தானே எழுதியிருந்தாள். பத்துக்குப் பத்து கொடுத்து, 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதினார்.

ஆகஸ்டில் ஈவ்லினுக்குத் தூக்கம் போயிற்று. புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் மூன்றாம் அத்தியாயம் புரிந்தவர்களுக்காக எழுதப்பட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி தி.நகர் போனார். உஸ்மான் ரோட்டில், பாத்திரக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், 'எட்டே வாரத்தில் கோடிங்' என்று பலகை தொங்கியது. படிவத்தில் பெயர் எழுதும்போது கை நின்றது. அக்காவின் பெயரை எழுதினார்: மர்சலின்.

பயிற்சி கொடுத்தவன் அனிருத் என்ற இளைஞன். வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். "வாங்க மர்சலின் ஆன்ட்டி, அந்தக் கடைசி சிஸ்டத்துல உட்காருங்க" என்றான்.

அன்று அவர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நிரலை ஓட்டிப் பார்த்தார். 'வணக்கம்' என்று திரையில் வரவேண்டும். வந்தது. நாற்பத்தேழு வயதுப் பேராசிரியைக்கு அதை யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் திரும்பினார். பக்கத்து நாற்காலியில் அவருடைய வகுப்பு மாணவி நிஷா உட்கார்ந்திருந்தாள்.

இருவரும் சற்று நேரம் அவரவர் திரையைப் பார்த்தார்கள்.

"மேம், நீங்க இங்க?"

"வெளியில எப்படிச் சொல்லித்தராங்கன்னு ஒரு ஆய்வு" என்றார் ஈவ்லின். "நீ?"

"நானும் அதுக்குத்தான் மேம்" என்றாள் நிஷா.

ஆய்வில் ஆர்வம் பரவியது. அடுத்த வாரம் ஐந்து பேர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் பதினொரு பேர். செப்டம்பர் முடிவதற்குள் அந்த மையத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தனி வகுப்பு போடவேண்டி வந்தது. கல்லூரியில் அவர் மேடை மேல் நின்றார், அவர்கள் கீழே உட்கார்ந்தார்கள். உஸ்மான் ரோட்டில் எல்லோரும் ஒரே பெஞ்சு. இங்கே பார்த்ததை அங்கே பேசுவதில்லை என்ற உடன்பாடு யாரும் சொல்லாமலே ஏற்பட்டது. இத்தனை நம்பிக்கையான ஆசிரியர் மாணவர் உறவு வேறெங்கும் அமைந்திருக்காது.

ஒருநாள் அனிருத் நொந்துபோய் மேசையில் சாய்ந்தான்.

"ஒண்ணு, பத்துன்னு குடுத்தா இது ஒன்பதோட நின்னுடும். கடைசி நம்பரை எண்ணாது. இதை முதல் நாளே சொன்னேன். உங்க காலேஜ் பசங்க அத்தனை பேரும் பத்து வரும்னே எழுதறீங்க. அப்புறம் அந்த ஸ்பேஸ். ஒரு வரிக்கு முன்னாடி இடம் விட்டாத்தான் அது மேல இருக்கற வரியோட சேர்ந்ததுன்னு அர்த்தம். அதை விடலைன்னா ப்ரோக்ராமே ஓடாது. அழகுக்குன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. யாரு உங்களுக்கு எடுக்கறது?"

வகுப்பு தலைகுனிந்தது. கடைசி நாற்காலியிலிருந்துதான் பதில் வந்தது.

"யாரோ ஒரு பாட்டனி மேடமாம்" என்றார் மர்சலின் ஆன்ட்டி.

"அதான பார்த்தேன்" என்றான் அனிருத்.

"ஆனா ரொம்ப நல்லவங்க சார்" என்றான் அஸ்வத். அவன் ஒன்றுமே சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதில் ஈவ்லினுக்கு ஐயமில்லை. திங்கட்கிழமை வகுப்பில், "நான் முன்னாடி சொன்னதுல ரெண்டு தப்பு இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். இரண்டே நிமிட வேலை. அந்த வாக்கியத்தைப் பஸ்ஸில் வரும்போது வாய்க்குள் நான்கு முறை சொல்லிப் பார்த்தார். வகுப்பில் போய் நின்றபோது, கணினியின் வரலாறு தெரியாமல் நிரல் எழுதுவது அறமல்ல என்று அவருக்குத் தோன்றியது. கணினியின் தந்தை எனப்படும் பாபேஜின் வாழ்க்கை வரலாற்றை எடுத்தார். ஏழு வகுப்புகள் எடுத்தார். பாபேஜின் அம்மா வரை போனார். ஐம்பத்தொன்பது பேர் நன்றியுடன் தூங்கினார்கள். ஒருத்தி எழுதினாள்.

எப்படியும் எல்லோரும் அனிருத்திடம் சரியாகப் படித்துவிட்டார்கள், இனித் திருத்தி என்ன ஆகப்போகிறது என்று ஈவ்லின் தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டார். எல்லோருமா என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பாத்திரக் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் புடவை நனைந்துவிடும் போலிருந்ததால், வழியில் இருந்த ஐந்து மாடி ஜவுளிக் கடைக்குள் ஒதுங்கினார். கும்பல் அவரைத் தள்ளிக்கொண்டு போய் முதல் மாடியில் விட்டது.

"வாங்க மேம். என்ன பார்க்கறீங்க?"

கல்யாண வீட்டுக்காரர்கள் போல எல்லோரும் ஒரே அரக்கு நிறப் புடவையில் நின்ற விற்பனைப் பெண்களில் ஒருத்தி ஷண்முகப்ரியா.

"சில்க் காட்டன்" என்றார் ஈவ்லின், வாயில் வந்ததை. "நீ இங்க எப்படி?"

"சாயங்காலம் நாலரைக்கு வந்தா ஒன்பதரை வரைக்கும் மேம். சனி, ஞாயிறு முழு நாள்." பேசிக்கொண்டே புடவைகளைப் பிரித்துப் போட்டாள். "நிஷாவெல்லாம் பக்கத்துல ஏதோ சென்டருக்குப் போறாங்க. என்னையும் கூப்பிட்டாங்க. எனக்கு எங்க மேம் நேரம்? போனைக்கூட வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்க. ஆனா எனக்கு அதெல்லாம் வேண்டியதே இல்ல. நீங்க சொல்லித்தர்றதே நல்லாப் புரியுது. ஒரு வரி விடாம எழுதி வச்சிருக்கேன்."

மின்விசிறிக் காற்றில் புடவை முனை ஒன்று ஆடியது. ஈவ்லின் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஷண்முகப்ரியா, நான் சொன்னேனே, அந்தப் பத்து…"

"பத்து கலர் இருக்கு மேம்" என்றாள் அவள் உற்சாகமாக. "எல்லாத்தையும் எடுத்துப் போடறேன்."

போட்டாள். பத்தையும் போட்டாள். பின்னால் நின்ற மேற்பார்வையாளர், "அங்க என்னம்மா கதை, மத்த கஸ்டமர் நிக்கறாங்க" என்றார். ஓர் உண்மையைச் சொல்லப் போன ஈவ்லின், கிளிப்பச்சையில் ஒரு புடவையோடு திரும்பி வந்தார். அந்த நிறம் அவருக்கு ஒருபோதும் ஒத்துவந்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சாந்தோம் பக்கத்தில் உள்ள தம் பங்குக் கோயிலில் பாவமன்னிப்புக் கேட்கும் கூண்டருகே மண்டியிட்டார்.

"ஃபாதர், பத்துன்னு சொல்லிட்டேன். உண்மையில ஒன்பதுதான்."

"பத்துக் கட்டளைகளைச் சொல்றீங்களாம்மா?" என்றார் ஃபாதர் விக்டர்.

ஈவ்லின் விளக்கினார். கணினி, ஒன்பது, மார்ஜின், பாபேஜ், கிளிப்பச்சை எல்லாவற்றையும் சொன்னார். ஃபாதருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. புரியவேண்டியது புரிந்திருந்தது.

"அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது, அப்படித்தானே? நாளைக்கே சொல்லிடுங்க. அதோட பத்து 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லுங்க."

விரல் விட்டு எண்ணிப் பத்தும் சொன்னார். இதில் ஐயத்துக்கே இடமில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்ததும், வேறு எதுவும் தோன்றுவதற்கு முன்னால், "எல்லாரும் நோட்டை எடுங்க. நான் சொன்னதுல ஒரு திருத்தம் இருக்கு" என்றார். ஐம்பத்தொன்பது பேர் நிமிர்ந்தார்கள். அந்தச் சொல்லை அவர்கள் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. ஷண்முகப்ரியா பேனா மூடியைக் கழற்றினாள்.

கதவு திறந்தது. முதல்வர் வெள்ளைத்துரை நின்றார். அவருக்குப் பின்னால் தர மதிப்பீட்டுக் குழுவினர் மூவர், ஒரு மாதம் முன்னதாகவே.

"நீங்க நடத்துங்க மேடம். நாங்க இருக்கறதாவே நினைக்காதீங்க" என்று சொல்லி முதல்வர் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

குழுத் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தார். உபரி என்ற சொல் ஈவ்லினின் காதுக்குள் ஒருமுறை ஒலித்தது.

"ஒரு திருத்தம்" என்றார். "அசைன்மென்ட் வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை."

ஷண்முகப்ரியா அதை எழுதி, அடிக்கோடு போட்டாள். குழு தன் அறிக்கையில் 'மாணவர் கவனம்: மிகச் சிறப்பு' என்று எழுதியது. அன்று மாலை முருகன் கணினிகளின் உறைகளைப் பிரித்தார். கடவுச்சொல்லோ கணினிகளை விற்ற கம்பெனிக்காரரிடம் இருந்தது. அவர் மதுரைக்குப் போயிருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் படிப்பு விடுமுறை. அவளிடம் சொல்ல ஈவ்லின் இரண்டு முறை உஸ்மான் ரோட்டுக்குப் போனார். ஒருமுறை தீபாவளிக் கூட்டத்தில் கடைக்குள்ளேயே நுழைய முடியவில்லை. இன்னொரு முறை நுழைய முடிந்தது. எஸ்கலேட்டர் வரை போனார். அங்கிருந்து பார்த்தால் அவள் ஒரு வயதான அம்மாளுக்குப் புடவையைத் தோளில் சார்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். இப்போது போய்த் தொந்தரவு செய்வது முறையல்ல என்று முடிவுசெய்து, கீழே வந்து, ஒரு டஜன் கைக்குட்டை வாங்கினார்.

நவம்பரில் தேர்வு. செய்முறைத் தேர்வுக்கு வேறு கல்லூரியிலிருந்து ஒருவர் வந்தார். ஷண்முகப்ரியா அன்றுதான் முதன்முதலாகக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வரிக்கு முன்னாலும் இடம் விடாமல், எல்லா வரிகளையும் ஒரே நேர்கோட்டில், நூல் பிடித்தது போல அடித்தாள். கணினி மறுத்தது. மீண்டும் அடித்தாள். அது மீண்டும் மறுத்தது. மூன்று மணி நேரமும் அப்படியே போயிற்று. எழுத்துத் தேர்வில், விடை என்ன வரும் என்ற கேள்விக்குப் பத்து வரை எழுதி, 'ஏனெனில் கணினி நாம் சொன்னதை அப்படியே செய்யும்' என்று காரணமும் எழுதியிருந்தாள்.

ஜனவரியில் முடிவுகள் வந்தன. அறுபதில் ஐம்பத்தொன்பது. பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்துக்கு வேறெந்தக் கல்லூரியும் அந்த எண்ணைத் தொடவில்லை. முதல்வர் பதாகை அடித்தார். பாராட்டு விழா ஏற்பாடாயிற்று, அனைவரும் கட்டாயம் வரவேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று.

விழா நாள் காலையில் துறை வாசலில் ஷண்முகப்ரியா நின்றுகொண்டிருந்தாள். கையில் நோட்டு.

"மேம், சாரி மேம்."

"எதுக்கும்மா?"

"நூறு சதவீதம் வந்திருக்கும். என்னாலதான் உங்க பேர் கெட்டுப்போச்சு. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல. நோட்ஸை மூணு தடவை பார்த்துட்டேன், எல்லாம் அப்படியேதான் எழுதியிருக்கேன். எனக்குத்தான் கம்ப்யூட்டர் வரல போல. அடுத்த வருஷம் வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். கடையில முழு நேரம் கேக்கறாங்க."

அவள் நீட்டிய நோட்டை ஈவ்லின் வாங்கிப் பார்த்தார். அவர் சொன்னது எல்லாம் அதில் இருந்தது, தேதி வாரியாக, அழகான கையெழுத்தில். தம்முடைய அறிவு முழுவதையும் ஒரே இடத்தில் அவர் அப்போதுதான் பார்த்தார். பதில் சொல்வதற்குள், "மேடம், ஸ்டேஜுக்குக் கூப்புட்டுகினு கீறாங்க" என்று முருகன் வந்து நின்றார்.

மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். ஈவ்லினின் 'புதுமைக் கற்பித்தல் முறை'யை மற்றத் துறைகளும் பின்பற்ற வேண்டும் என்று முதல்வர் கேட்டுக்கொண்டார். அஸ்வத்தும் நிஷாவும் காலணிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஷண்முகப்ரியா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆசிரியைக்காக மனதாரக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வருத்தம்" என்றார் முதல்வர் ஒலிவாங்கியில். "அந்த ஒரு பொண்ணு. பேர் சொல்ல விரும்பல. மத்தப் பிள்ளைங்க மாதிரி அதுவும் மேடம் வகுப்பை ஒழுங்கா கவனிச்சிருந்தா, இன்னிக்கு நாம நூறு சதவீதம். இப்ப ஈவ்லின் மேடம் பேசுவாங்க."

ஈவ்லின் ஒலிவாங்கிக்கு வந்தார். பொன்னாடையைக் கழற்றி நான்காக மடித்து மேசையில் வைத்தார்.

"சார், என் வகுப்பைக் கவனிச்சது அந்தப் பொண்ணு ஒருத்திதான்" என்றார். "மத்த அம்பத்தொன்பது பேரும் தப்பிச்சுட்டாங்க."